உட்கார்ந்து சமைக்கிற உயரம்

இடது கால் போன பிறகுதான் என் கணவர் சமைக்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அடுப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதில் சிகரெட் பற்ற வைக்கலாம் என்பது மட்டும்தான்.

கோலாலம்பூருக்கு வடக்கே, கலும்பாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, மழையில் ஊறிப்போயிருந்த செம்மண் கரை சரிந்து டிராக்டர் பள்ளத்தில் புரண்டுவிட்டது. உயிர் தப்பியது பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு தீபாவளிகூட ஆகவில்லை. பத்தாங் காலியில் ஒரு வரிசை வீட்டுக்கு அப்போதுதான் குடிவந்திருந்தோம். நான் ரவாங்கில் சட்டை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தேன். ஆலை பஸ் காலையில் முச்சந்தியில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் அங்கேயே இறக்கிவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவர் பகலெல்லாம் முன்னறையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். காலையிலேயே சோறு கறி ஆக்கி மூடி வைத்துவிட்டு நான் வேலைக்குப் போவேன். சூடுபண்ணக்கூட எழுந்திருக்க மாட்டார், ஆறியதையே சாப்பிடுவார். சில நாள் அதையும் தொட்டிருக்க மாட்டார். நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் என்ன சொல்லுவாரோ என்ற பயம்.

ஒரு நாள் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து தாளித்த வாசனை வந்தது. கலும்பாங்கிலிருந்து நாத்தனார் வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். வேறு யாருமில்லை. இவர்தான் அடுப்பு மேடையில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சட்டியில் பருப்பும் கத்திரிக்காயும் கொதித்துக்கொண்டிருந்தன. கத்திரிக்காய் கரைந்து உருத்தெரியாமல் போயிருந்தது.

"பசிச்சிச்சு," என்றார். அவ்வளவுதான்.

நானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. அதை மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து அவர் தினமும் ஏதாவது செய்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சாம்பாருக்குப் புளியை எப்போது விடுவது, நெத்திலியைக் கழுவிவிட்டு வறுப்பதா வறுத்துவிட்டுக் கழுவுவதா என்றெல்லாம் கேட்பாராம். அந்த அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும்.

கஷ்டம் சமையலில் இல்லை, அந்த அடுப்பங்கரையில் இருந்தது. வீடு கட்டியவர்கள் ஒரு மூலையில் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டியைக் கட்டியிருந்தார்கள். அடுப்பு மேடை எதிர் மூலையில். சமையலறையில் மின்சாரப் பிளக் கிடையாது, அதனால் ஐஸ் பெட்டி முன்னறையில் நின்றது. இரண்டு கால் உள்ளவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. கக்கத்தில் இரண்டு கட்டைகளை வைத்துக்கொண்டு நடக்கிறவருக்கு இரண்டு கையும் கட்டைக்கே சரியாகிவிடும்; சாமானை எதில் எடுப்பது? வெங்காயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கத்திரிக்காயைக் கைலி மடிப்பில் சொருகிக்கொள்வார். தண்ணீர் கொண்டுபோக அவர் கண்டுபிடித்த வழி, தூக்குவாளியில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது. ஒரு லீவு நாளில் அவர் அப்படி மாட்டிக்கொண்டு தொட்டியிலிருந்து அடுப்புக்கு மெல்ல மெல்ல நகர்ந்து போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். வாளி ஆடித் தண்ணீர் தளும்பி நெஞ்செல்லாம் நனைந்திருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும், "மாடு மாரி இருக்கேனா?" என்று கேட்டார்.

"மணிதான் இல்ல," என்றேன்.

அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் போயிற்று. கஞ்சி வடிப்பதற்காகச் சோற்றுப் பானையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, ஒரே ஒரு கட்டையை ஊன்றித் தொட்டிக்குப் போயிருக்கிறார். ஈரத் தரையில் கட்டை வழுக்கிவிட்டது. கொதிக்கிற கஞ்சி முழுக்கக் காலில் கொட்டிவிட்டது. இருந்த ஒரே காலில். நான் வந்து பார்க்கும்போது பாதம் முழுக்கப் பற்பசையை அப்பிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் சிந்திய சோற்றைத் தரையில் உட்கார்ந்தபடியே கூட்டி அள்ளி, துடைத்தும் வைத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மா தோல்தான்."

கிளினிக்கில் பற்பசையைக் கழுவி எடுத்தபோது அவர் கத்தவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். நான்தான் அழுதேன். கால் ஆறும் வரைக்கும் அவர் நிற்கவே முடியவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தே நகர்ந்தார். ஒரு நாள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"இனிமே நீங்க அடுப்பங்கரைப் பக்கமே போகாதீங்க. போதும். நானே எல்லாத்தையும் பாத்துக்கிறேன்."

கட்டுப் போட்டு முடித்து நான் எழுந்திருக்கும்போது அவர் கேட்டார்.

"அப்ப நான் எங்க போவேன்?"

வாசலைப் பார்த்துக்கொண்டு ரேடியோ கேட்கிற அந்த நாற்காலியைத் தவிர அவர் போவதற்கு வேறு இடம் அந்த வீட்டில் இல்லை. அன்று சோறு வேகிற வரைக்கும் அந்த அடுப்பங்கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இந்தச் சுவரும் மேடையும் என்ன கடவுள் கட்டியதா, இடித்துவிட்டு நமக்கு வேண்டிய மாதிரி கட்டினால் என்ன என்று தோன்றியது. விபத்துக்காக அவருக்குக் கிடைத்த தொகை தொடாமல் இருந்தது. கால் போனதற்குக் கிடைத்தது, காலுக்குப் பதிலாக ஏதாவது செய்யட்டும் என்று நினைத்தேன். மறுநாள் அவரிடம் சொன்னபோது மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"மொதல்ல அடுப்பப் பாக்கணும்," என்றார். "அடுப்பு எதுன்னு தெரிஞ்சாத்தான் மேடை எவ்வளவு உசரம்னு தெரியும்."

அவர் இதை எத்தனை நாளாக யோசித்துவைத்திருந்தாரோ.

கால் ஆறியதும் என் லீவு நாளில் பஸ் ஏறி ரவாங்குக்குப் போனோம். பெரிய தெருவில் அடுப்பு, ஐஸ் பெட்டி, மின்விசிறி எல்லாம் விற்கிற கடை ஒன்று. விற்பனைக்கு நின்றவர் தமிழர், நல்ல மனிதர். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு, இவருக்கு மின்விசிறிக்கு நேரே ஒரு நாற்காலியைப் போட்டார்.

"அண்ணன் இங்க காத்தாட ஒக்காருங்க. அக்கா பாத்து எடுக்கட்டும்," என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய், கடையிலேயே பெரிய அடுப்பைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று என் இடுப்புக்கு மேல் உயரம். மேலே நான்கு மின்சார அடுப்பு, கீழே கேக் சுடுகிற ஓவன், பின்னால் நிமிர்ந்து நிற்கிற பலகையில் வரிசையாகக் குமிழ்கள். "தீபாவளிக்கு நாலு கேக்கு ஒரே நேரத்துல சுடலாங்க்கா. இப்ப எல்லாரும் இததான் கேக்கிறாங்க," என்று ஒவ்வொரு குமிழையும் திருகிக் காட்டினார். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த அடுப்பின் முன்னால் நான் நிற்பதை மனதில் பார்த்துக்கூட விட்டேன்.

அப்போது இவர் கட்டைகளை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார். அடுப்பைச் சுற்றிப் பார்த்தார். ஓவனின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். விற்பனைக்காரர் பிரியமாகத்தான் சொன்னார்:

"நீங்க ஏண்ணே செரமப்படுறீங்க? சமையல் சாமான் பொம்பளைங்க விசயம். அக்கா சொல்லட்டும் லா."

எனக்கு நாக்கு நிற்கவில்லை. "அவருதான் சமைக்கிறாரு," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் பிளெண்டர் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் திரும்பி முதலில் அவருடைய முகத்தையும் பிறகு காலையும் பார்த்தார்கள். விற்பனைக்காரர் "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அடுப்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். இவர் குனிந்து கட்டையின் முனையில் இருந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எதுவும் வாங்காமல் வெளியே வந்தோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். செரண்டா தாண்டியது, ரப்பர் மரங்கள் வந்தன, போயின. நான் என் நாக்கைச் சபித்துக்கொண்டே வந்தேன். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய மனிதரை நடுக்கடையில் வைத்து அடுப்பங்கரை ஆளாக்கிவிட்டேனே. இறங்கி வீட்டுப் பக்கம் நடக்கும்போது நின்றார்.

"குமிழு பின்னால இருக்கு," என்றார்.

"என்னங்க?"

"அந்த அடுப்புலதான். குமிழு பின்னால இருக்கு. ஒக்காந்து சமைக்கிறவன் கொதிக்கிற சட்டிக்கு மேல கைய நீட்டித்தான் திருவணும். கை வெந்துரும். ஓவன் கதவு வேற கீழ்ப்பக்கமா தெறக்குது, முட்டிய எங்க வைக்கிறது? நமக்கு அது வேணாம் புள்ள. மேசை மேல வைக்கிற கேஸ் அடுப்பு, குமிழு முன்னால இருக்கணும்."

வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாரா, இல்லை என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுப் பேச்சை அடுப்புக்குத் திருப்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவுமில்லை. அடுத்த வாரம் அதே கடைக்குப் போனபோது அவர் முன்னால் போனார். விற்பனைக்காரர் வாயைத் திறப்பதற்குள், "தம்பி, எனக்கு ஒக்காந்து சமைக்கிற மாரி அடுப்பு வேணும்," என்றார். அந்த மனிதர் அன்று கடையில் இருந்த கேஸ் அடுப்புகளையெல்லாம் எடுத்துவந்து தரையில் வைத்து, இவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கவிட்டார்.

அடுப்பு வந்த பிறகு மேடையைப் பற்றிய யோசனை. ஆலையில் துணியில் கோடு போடுகிற சாக்கட்டி உண்டு, தட்டையாக முக்கோணமாக இருக்கும். தேய்ந்துபோனதை மேற்பார்வை அம்மாவிடம் கேட்டு வாங்கிவந்தேன். பழைய மேடையை ஒட்டி இருந்த சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு இவர் தரையில் கோடு போட ஆரம்பித்தார். போடுவார், உட்கார்ந்து பார்ப்பார், ஈரத்துணியால் அழிப்பார், மறுபடி போடுவார். பின்வாசலில் கிடந்த செங்கல்லை அடுக்கி அதன் மேல் பலகை போட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிப் பார்த்தார். தோள் வலித்தால் ஒரு கல்லை எடுத்தார். முட்டி இடித்தால் ஒரு கல்லை வைத்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வெங்காயக் குழம்புதான்.

கடைசியில் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நான் வேலைவிட்டு வந்ததும் வராததுமாகக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எதையும் தூக்கக் கூடாது. தள்ளணும். அவ்வளவுதான் கணக்கு."

ஒரே சுவரோரமாக நீளமாக ஒரு மேடை. வலது கோடியில் ஐஸ் பெட்டி. அதையடுத்துத் தண்ணீர்த் தொட்டி, பிறகு நறுக்குகிற இடம், பிறகு அடுப்பு, இடது கோடியில் சோற்றுப் பானை. அடுப்பு உட்காருகிற இடத்தில் மட்டும் மேடையைப் பள்ளமாக விட்டால் அடுப்பின் தலையும் மேடையும் ஒரே மட்டமாக இருக்கும். சட்டியைத் தூக்காமல் அப்படியே இழுத்து நகர்த்தலாம். குழாயில் நீளமாக ஒரு ரப்பர் டியூபை மாட்டிவிட்டால் பானை இருக்கிற இடத்திலேயே தண்ணீர் பிடிக்கலாம். மேடைக்கு அடியில் அலமாரி கூடாது, காலுக்கு இடம் வேண்டும். மேடை நீளத்துக்கு ஒரு பெஞ்சு.

"சட்டியும் தள்ளிக்கிட்டுப் போவும், நானும் தள்ளிக்கிட்டே போவேன்," என்று சொல்லி, தரையில் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்து காட்டினார். கைலியெல்லாம் வெள்ளைச் சாக்கட்டித் தூள். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சண்டையும் வந்தது. சோற்றுப் பானையில்தான். மின்சாரச் சோற்றுப் பானை வாங்கியே ஆகவேண்டும் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கஞ்சி வடிக்காத சோறு சோறாடி? அரிசிய அவிச்சு வச்ச மாரி இருக்கும். வயித்துல கல்லு மாரி நிக்கும்."

"நிக்கட்டும்."

"தொட்டிய அடுப்புக்குப் பக்கத்துலயே வச்சிட்டா, பானைய சாய்ச்சு நானே வடிச்சிருவேன். தூக்க வேண்டியதே இல்ல."

"மத்த எல்லாம் ஒங்க இஷ்டம். நான் வாயே தெறக்கல. இது ஒண்ணு மட்டும் என் இஷ்டம்," என்றேன். "நான் பாட்டுக்கு அங்க மெஷின்ல ஒக்காந்து தைச்சிக்கிட்டிருப்பேன். பதினொரு மணியானா தையல் கோணிப் போவுது. இப்ப கஞ்சி வடிப்பாரே, இப்ப வடிப்பாரேன்னு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சாக்கட்டியை எடுத்து இடது கோடியில் மின்சாரப் பானைக்கு ஒரு வட்டம் போட்டார். முதல் நாள் அந்தப் பானைச் சோற்றைத் தின்றுவிட்டு, "பரவால்ல, திங்கலாம்," என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் திங்கலாம் போலத் தெரியவில்லை. ஆனாலும் கடைசிவரை அதில்தான் ஆக்கினார்.

வீடு கட்டுகிற வேலை செய்யும் சீனர் ஒருவர் பத்தாங் காலியில் இருந்தார். துக்காங் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். மரியாதை மட்டும் வராது, பெரியவர் சின்னவர் எல்லோரும் அவருக்கு நீதான். அவர் வந்து கோடுகளைப் பார்த்தார். அளவுநாடாவை இழுத்து மேடை உயரத்தைப் பிடித்தார். தலையை ஆட்டினார்.

"இது ரொம்ப கீழ. அலமாரியும் இல்ல. நாளைக்கு இந்த வீட்ட யாரும் வாங்க மாட்டான் லா."

"நாங்க விக்கப் போறதில்ல," என்றார் இவர்.

துக்காங் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீ எப்படி சட்டி கழுவுவ? குனிஞ்சு குனிஞ்சு ஒன் முதுகு ஒடஞ்சி போவும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. அவருக்கு வசதியா இருந்தா போதும்," என்றேன். பெரிய தியாகி மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பலகை மேடையில் பேசின் வைத்து ஒரு வாரம் பாத்திரம் கழுவியதிலேயே முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதை அவர் எப்போது கவனித்தார் என்று தெரியாது.

மறுநாள் காலையில் எழுந்து போனால் தரையில் கோடு மாறியிருந்தது. நீள மேடை கொஞ்சம் குறைந்திருந்தது. ஜன்னலோரமாகப் புதிதாக ஒரு சதுரம். அதற்குள் ஒரு கோட்டை இழுத்து, செங்கல்லை உயரமாக அடுக்கிப் பலகை வைத்திருந்தார்.

"இங்க வந்து நில்லு."

போய் நின்றேன். சரியாக என் இடுப்பு உயரம்.

"இது எதுக்குங்க? நீங்கதானே சமைக்கிறீங்க."

"பாத்திரம் கழுவ இங்க ஒரு சின்னத் தொட்டி. மேடை மீதி சும்மா இருக்கட்டும்."

"சும்மா எதுக்கு?"

அவர் சாக்கட்டியைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ ஒண்ணும் சமைக்க வேணாம் புள்ள. வேலை விட்டு வந்தா இங்க வந்து சாஞ்சிக்கிட்டு நில்லு. டீ குடி. எனக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளு வேணாமா? நாள் பூரா ரேடியோதான் பேசுது."

துக்காங் வேலையை ஆரம்பித்தார். புழுதியும் சிமெண்டுமாகக் கொஞ்ச நாள் பின்வாசலில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துச் சமாளித்தோம். துக்காங் மேடைக்கு வெள்ளை டைல் பதித்தார். ஒரு டைலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மேடு இருக்கக் கூடாது, சட்டி தட்டும் என்று இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு மூன்றைப் பெயர்த்தெடுத்து மறுபடி பதிக்கவும் வைத்தார். துக்காங் முணுமுணுத்தாலும் வேலை முடிந்ததும் கூலி கேளாமல் தானாகவே பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். "வழுக்கும், நல்லா போவும் வரும்," என்று அதன் மேல் தானே உட்கார்ந்து நகர்ந்து பார்த்துச் சிரித்தார். கேஸ் சிலிண்டரை, நாங்கள் தோம்பு என்போம், சுவருக்கு வெளியே வைத்து, ஓட்டை போட்டுக் குழாயை உள்ளே விட்டார்கள். சமையலறைக்கு மின்சாரப் பிளக் வைத்ததும் ஐஸ் பெட்டியும் முன்னறையிலிருந்து உள்ளே வந்தது.

கலும்பாங்கிலிருந்து என் நாத்தனார் வந்தது அதற்குப் பிறகுதான். இவருக்கு மூத்தவர், இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ரப்பர் பால் வெட்டுக்குப் போய்ப் போய்க் கை காய்த்துப்போன மனுஷி. யாரோ போய் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்பங்கரை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே இவர் பெஞ்சில் உட்கார்ந்து மீன் குழம்புக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தார்.

என்னைக் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போனார். கண்ணில் தண்ணீர்.

"என் தம்பிய அடுப்பங்கரையில ஒக்கார வச்சிட்டியேம்மா."

"நான் ஒக்கார வைக்கல அண்ணி. அவரா போய் ஒக்காந்தாரு. அங்கதான் அவரு சிரிக்கிறாரு."

"கால் போனா என்ன, அவன் ஆம்பள இல்லியா? ஊரு என்ன பேசும்?"

அண்ணி கோபத்தில் கேட்கவில்லை, தாங்க முடியாமல்தான் கேட்டார். உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார்:

"அக்கா, சாப்பிட வா. ஆறிரும்."

என்னுடைய உயர மேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அண்ணியை உட்காரவைத்தேன். இவர் தட்டில் சோற்றைப் போட்டு, பெஞ்சில் நகர்ந்துகொண்டே தட்டையும் மேடையில் தள்ளிக்கொண்டு வந்து, வழியில் குழம்பை ஊற்றி, முட்டைக்கோசு வைத்து, கடைசியில் அக்காவுக்கு நேரே நிறுத்தினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அண்ணி தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளி தூக்கலா இருக்கு," என்றார்.

"மீனு அவ்வளவு புதுசு இல்லக்கா. கவுச்சி வந்துரும்னு புளிய கூட்டினேன்."

"கவுச்சிக்குப் புளியாடா? மஞ்சத்தூளும் உப்பும் போட்டுக் கொஞ்ச நேரம் ஊற வைக்கிறதில்ல? வெந்தயம் போட்டியா?"

"போட்டேன்."

"கருக விட்டுட்ட. கசக்குது."

"கருகல. ஒன் நாக்கு வெத்தல போட்டுப் போட்டு மரத்துப் போச்சு."

இரண்டு பேரும் வெந்தயத்துக்காக அடித்துக்கொண்டார்கள். அண்ணி இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு சண்டை போட்டார். நான் என் மேடையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்தேன். வந்தபோது இருந்த அந்தக் கண்ணீர் எங்கே போனது என்று தெரியவில்லை. கிளம்பும்போது என் கன்னத்தைத் தடவி, "அவனுக்கு மீனு பாத்து வாங்கத் தெரியல. நீ சொல்லிக் குடு," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து பத்தாங் காலிக்கு யார் வந்தாலும் அவர்களிடம் ஒரு பை கொடுத்தனுப்புவார். முருங்கைக் கீரை, காய்ந்த மிளகாய், சில நாள் புக்கிட் ரோத்தானில் அவர்களுடைய சித்தப்பா வீட்டுக்குப் போய்வரும்போது வாங்கிய கருவாடு. "தம்பிக்கிட்ட குடுங்க," என்றுதான் சொல்லியனுப்புவார். என்னிடம் கொடுக்கச் சொன்னதே இல்லை.

அந்த அடுப்பங்கரையில் குறைகளும் இருந்தன. தாளிக்கும் புகை அவர் முகத்துக்கு நேரே வரும்; ஜன்னலை இன்னும் தள்ளி வைத்திருக்க வேண்டும். வார்னிஷ் பெஞ்சு அவர் கைலிகளையெல்லாம் ஒரே இடத்தில் தேய்த்துக் கிழித்தது, நான் தைத்துத் தைத்துப் போட்டேன். எங்கள் மகள் பிறந்து தவழ ஆரம்பித்தபோது அடுப்பு கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்தது பெரிய பயம். அவளுக்கு விவரம் தெரிகிறவரை வாசலில் பலகை வைத்து அடைத்தோம். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் நின்று கத்துவாள், இந்தப் பக்கமிருந்து அவர் கரண்டியால் சட்டியைத் தட்டித் தட்டி அவளுக்குப் பதில் சொல்வார்.

விபத்து நடந்து பத்தாண்டு முடிகிற சமயத்தில் அவருக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. கோலாலம்பூரில் அளவெடுத்துச் செய்து கொடுத்தார்கள். பழகுவதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டார், புண்ணாகி ஆறி மறுபடி புண்ணானது. ஆனால் கட்டையில்லாமல், ஒரு குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார். செருப்புக்குப் பதில் இரண்டு காலுக்கும் தோல் சப்பாத்து மாட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தபோது எனக்கு வேறு யாருடனோ நடப்பதுபோலக் கூச்சமாக இருந்தது. துக்காங் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "இப்ப நிக்க முடியுது, மேடைய ஒசத்திறலாமா?" என்று கேட்டார்.

"வேணாம்," என்றார் இவர். "நின்னுக்கிட்டு எவன் சமைப்பான்?"

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும்தான் அந்தக் காலை மாட்டுவார். சமைக்கிற நேரத்தில் கழற்றி ஐஸ் பெட்டி ஓரமாகச் சாத்திவிடுவார், சப்பாத்தும் காலுறையுமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேஸ் தோம்பு கொண்டுவந்த புது ஆள், குழாயைப் பார்ப்பதற்காக உள்ளே வந்தவர், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கால் நிற்பதைப் பார்த்து அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

இவர் வெங்காயத்தை நறுக்கியபடியே சொன்னார்: "பயப்படாதீங்க. வேலை நேரத்துல கழட்டி வச்சிருவேன்."

அந்த ஆள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு அடக்க முடியவில்லை. நான் சிரிக்க, அவரும் சிரிக்க, இவர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நறுக்கிய வெங்காயத்தை அடுப்புப் பக்கம் தள்ளிவிட்டு, தானும் நகர்ந்து போய்ச் சட்டியில் எண்ணெயை ஊற்றினார்.